ஸ்போர்ட்ஸ் காரும் சொந்தக் கைவேலையும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பல, ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே பழுதுபார்ப்பதில் உள்ள சங்கடங்களைப் பற்றியே பேசுகின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, அவற்றுக்கு மட்டும் இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில், பெங்களூருவில் ஒருவர் பயன்படுத்திய 2007-ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் காரை வாங்கினேன். சிறு வேலைகளையாவது நானே செய்துகொள்ளலாம் என்று கருவிகளும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் காணொளியில் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக விழுங்கிவிடுகிறது. அண்மையில் ஸ்பார்க் பிளக் மாற்றத் தொடங்கியபோது என் கை பட்டு, பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஒன்று உடைந்துபோக, புதியது வந்து சேரும் வரை கார் வாரக்கணக்கில் கட்டையின் மேல் நின்றது. எனக்குத்தான் திறமை போதவில்லையா, இந்த வண்டியே இப்படித்தானா? தொடர்ந்து செய்யலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். உங்கள் காரில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால், வண்டியின் நடுவயிற்றில் இருக்கிறது. எடை நடுவில் சேர்ந்திருப்பதால்தான் வளைவுகளில் அந்த வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது. அந்தச் சுகத்துக்கான விலையை நாம் பழுதுபார்க்கும்போது செலுத்துகிறோம். முன்னாலும் டிக்கி, பின்னாலும் டிக்கி என்று இருக்கும் இந்தக் காரில், எஞ்சின் ஆயிலும் கூலண்ட்டும் ஊற்றும் வாய்கள் மட்டும் பின் டிக்கியில் தலைகாட்டுமே தவிர, எஞ்சினைப் பார்க்க வேண்டுமென்றால் கூரைத் துணியைப் பாதி நிலையில் நிறுத்தி, அதன் பின்பகுதியைத் தூக்கி, கம்பளத்தை உருவி, மூடியைக் கழற்ற வேண்டும். பெல்ட்டும் வாட்டர் பம்பும் இருக்கைகளின் முதுகுப்புறத்தில் இருக்கின்றன. ஆறு சிலிண்டர்களும் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருப்பதால், பிளக்குகள் பின்சக்கரங்களைப் பார்த்தபடி இருக்கின்றன. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையின் தொடு உணர்வை மட்டும் நம்பிச் செய்கிற வேலை அது. காணொளியில் வருபவரிடம் காரைத் தலைக்கு மேல் தூக்கும் லிஃப்ட் இருக்கிறது. தவிரவும், அவர் கழன்று வந்த போல்ட்டைத்தான் நமக்குக் காட்டுகிறார், கழல மறுத்ததை வெட்டி எடுத்துவிடுகிறார்.

தொடரலாமா என்ற கேள்விக்கு என் பதில், தொடரலாம் என்பதுதான். ஆனால் எந்த வேலையை வீட்டில் எடுப்பது என்பதை, உங்களால் அது முடியுமா முடியாதா என்பதைக் கொண்டு தீர்மானிக்காதீர்கள். அது பாதியில் நின்றுபோனால் வண்டி என்ன நிலையில் இருக்கும் என்பதைக் கொண்டு தீர்மானியுங்கள். பாதியில் நின்றாலும் கழற்றியதைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஓட்டிச் செல்ல முடியுமென்றால், எவ்வளவு சிக்கலான வேலையானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம். வண்டி அசைய முடியாமல் கிடந்துவிடும் என்றால், எவ்வளவு எளிய வேலையானாலும் இருமுறை யோசியுங்கள். ஏனென்றால் உங்களுக்கு அருகிலுள்ள நிறுவன மையம் கொச்சியில் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்தே ஏறத்தாழ 270 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் காரை லாரியின் மேல் ஏற்றிக்கொண்டு போகிற செலவில் இரண்டு ஆண்டுகளுக்கான ஆயிலும் ஃபில்டரும் வாங்கிவிடலாம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஆயில் மாற்றுவது, ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர், பிரேக் பேட் ஆகியவை வீட்டு வேலைகள். பிளக் மாற்றுவதும் வீட்டு வேலைதான். ஆனால் பழைய காயில்களின் பிளாஸ்டிக் வெப்பத்தில் வெந்து நொறுங்கும் பக்குவத்தில் இருக்கும் என்பதால், பிளக் வாங்கும்போதே ஒரு காயிலையும் அதன் போல்ட்டுகளையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டுதான் சக்கரத்தில் கை வைக்க வேண்டும். உடையக்கூடியது எது என்று முன்கூட்டியே கேட்டறிந்து அதை மேசையின் மேல் வைத்துவிட்டுத் தொடங்குகிறவருக்கு, கார் கட்டையின் மேல் நிற்கும் காலம் வெகுவாகக் குறைந்துவிடும். கிளட்ச், எஞ்சினின் உட்பாகங்கள், கூரைத் துணியின் இயந்திர அமைப்பு ஆகியவற்றைத் தொடாதீர்கள். இந்தத் தலைமுறை எஞ்சின்களில், உள்ளே சுழலும் இடைத்தண்டைத் தாங்கும் ஐ.எம்.எஸ். பேரிங் என்று ஒன்று அஞ்சப்படுவதை நீங்களும் படித்திருப்பீர்கள். 2007-ஆம் ஆண்டு எஞ்சினில் அதை மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் பழைய ஃபில்டரின் காகித மடிப்புகளை விரித்து வெயிலில் பிடித்துப் பார்ப்பது. உலோகத் துகள் மின்னினால் அதற்குமேல் ஓட்ட வேண்டாம்.

இனி, உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கும் சில்லறைத் தொல்லைகளுக்கு வருவோம். முதல் தொல்லை ஜாக்கி. இந்தக் காரில் பக்கத்துக்கு முன்னொன்று, பின்னொன்று என்றுதான் தூக்கும் இடங்கள் உண்டு. ஜாக்கியை அங்கே வைத்துவிட்டால் ஸ்டாண்ட் வைக்க இடமில்லை என்பது இதை வைத்திருக்கும் எல்லோருடைய புலம்பலும். பின்புறத் தூக்கு இடத்தில் ஜாக்கியை வைத்து உயர்த்தினால் அந்தப் பக்கத்து முன்சக்கரமும் சேர்ந்தே எழும். அப்போது முன்புறத் தூக்கு இடத்தில் ஸ்டாண்டை வைத்துவிட்டு, பிறகு பின்புறத்துக்கு வர வேண்டும். எந்த நிலையிலும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். நம் ஊர் முற்றங்களில் பரப்பியிருக்கும் இன்டர்லாக் கல், மழைக்குப் பிறகு அடிமண் இளகியிருக்கும்போது ஸ்டாண்டின் காலுக்குக் கீழே சத்தமில்லாமல் இறங்கும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் ஓரடிச் சதுர அளவில் தடித்த பிளைவுட் பலகையைப் போடுங்கள். முற்றம் தண்ணீர் வடிவதற்காகச் சரிவாக அமைக்கப்பட்டிருந்தால், அந்த வேலைக்கு அந்த முற்றமே வேண்டாம்.

இரண்டாவது தொல்லை சக்கரம். நம் ஊரின் பல கார்களில் ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தை அதில் தொங்கவிட்டு நட்டைப் பூட்டிவிடலாம். உங்கள் காரில் ஸ்டட் கிடையாது, போல்ட்தான். கனத்த சக்கரத்தை முழங்காலில் தாங்கிக்கொண்டு துளையைத் துளையோடு சேர்க்கும் போராட்டத்தில், பிரேக் காலிப்பரின் பெயிண்ட்டும் உங்கள் பொறுமையும் ஒரே நேரத்தில் உரிந்துபோகும். இதற்கு மருந்து எளியது. 14 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மரை இடைவெளியும் கொண்ட நீளமான போல்ட் ஒன்றை லேத் பட்டறையில் கொடுத்துத் தலையை வெட்டி, முனையில் ஸ்க்ரூடிரைவர் நுழைய ஒரு பள்ளம் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை மேல் துளையில் திருகி வைத்து, சக்கரத்தை அதில் மாட்டி, மற்ற நான்கு போல்ட்டுகளையும் கையால் ஏற்றிய பிறகு அதை எடுத்துவிடலாம். இறுதி முறுக்கத்தை டார்க் ரெஞ்ச் கொண்டு, வண்டி தரையில் இறங்கிய பிறகு, 130 நியூட்டன் மீட்டர் அளவில் கொடுங்கள். பிளக்குக்கு 30 போதும். அலுமினிய மரையில் கைவலுவைக் காட்டினால் மரை போய்விடும்.

மூன்றாவது, பேட்டரி. இது எனக்கும் சிரிப்பை வரவழைக்கும் ஏற்பாடு. பேட்டரி முன் டிக்கிக்குள் இருக்கிறது. முன் டிக்கியின் பூட்டு மின்சாரத்தில் திறக்கிறது. வெளியூர் போய்த் திரும்பி வரும்போது பேட்டரி இறங்கியிருந்தால், அதைத் தொடுவதற்கே அதன் தயவு வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் கம்பியை வைத்து நெம்பிப் பெயிண்ட்டைக் கெடுக்கிறார்கள். முன் இருக்கையின் காலடிப் பக்கவாட்டில் உள்ள ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால், வெளியே இழுக்கக்கூடிய சிவப்பு முனை ஒன்று இருக்கும். வேறொரு 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை அதிலும், நெகட்டிவைக் கதவின் உலோகப் பகுதியிலும் இணைத்தால் பூட்டைத் திறக்கும் அளவுக்கு மின்சாரம் கிடைக்கும். அபாய ஒலி அலறும்; தெரு விழித்துக்கொண்டாலும் பதற்றப்பட வேண்டாம். இந்த வழியாக வண்டியை ஸ்டார்ட் செய்யவோ பேட்டரிக்கு நேரம் எடுத்துச் சார்ஜ் ஏற்றவோ முயலாதீர்கள். திறந்த பிறகு பேட்டரியிலேயே நேராக அதைச் செய்யுங்கள்.

கடைசியாக, உங்கள் ஊரை வைத்து ஒன்று சொல்ல வேண்டும். குலசேகரம் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரங்கள் இலை கொட்டும். கூரைத் துணி மடியும் பள்ளத்தின் இரு ஓரங்களிலும் மழைநீர் வடியும் துளைகள் இருக்கின்றன. நீளமான ரப்பர் இலைக்காம்புகள் போய் அவற்றை அடைத்துக்கொண்டால், அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே இறங்கிக் கம்பளத்துக்கு அடியில் தேங்கும். மின்னணுப் பெட்டிகள் சில இருக்கைப் பகுதியில் தாழ்வாகவே பொருத்தப்பட்டிருக்கின்றன. முன் பம்பரின் இரு ஓரக் காற்று வழிகளிலும் இதே கதைதான்: உள்ளே போன இலை ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் முன்னால் மட்கிக் கிடந்து, ஈரத்தைப் பிடித்து வைத்து, உலோகத்தை அரிக்கிறது. இலை உதிர்ந்து முடிந்ததும் ஒரு முறை, தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, வடகிழக்குக்கு முன் ஒரு முறை இந்த இடங்களையெல்லாம் சுத்தம் செய்யுங்கள். ஸ்பானரே தேவையில்லாத இந்த வேலைதான் உங்கள் காருக்கு நீங்கள் செய்யும் மிகப் பெரிய பழுதுபார்ப்பு.

கேள்வி: என் வீடு கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. நான் வைத்திருக்கும் பழைய இரு இருக்கை காரின் சைலன்சர் போல்ட்டுகளும் சஸ்பென்ஷன் போல்ட்டுகளும் அசைய மறுக்கின்றன. இரண்டின் தலை ஏற்கெனவே உருண்டுவிட்டது. என்ன செய்வது?
– வாசகர், முட்டம்

பதில்: முதலில், கையில் இருக்கும் சாக்கெட்டைப் பாருங்கள். உட்புறத்தில் 12 மூலைகள் கொண்டதாக இருந்தால் அதை எடுத்து வைத்துவிட்டு, 6 மூலைகள் கொண்டதை வாங்குங்கள். துருவேறிய போல்ட்டின் தலையை உருட்டிவிடுவதில் பெரும் பங்கு 12 மூலைச் சாக்கெட்டுக்கு உண்டு. மரை வெளியே தெரியும் இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருநீக்கும் எண்ணெயை முதல் நாள் மாலையிலேயே விட்டு, மறுநாள் மீண்டும் விட்டு, போல்ட்டின் தலையில் சுத்தியலால் சில முறை நேராகத் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு கழற்றும் திசைக்குப் போகும் முன், இறுக்கும் திசையில் மயிரிழையளவு அசையுமா என்று பாருங்கள். அசைந்துவிட்டால் பாதி வெற்றி. அதன் பிறகு கால் சுற்று கழற்றி, சிறிது திரும்ப இறுக்கி, மீண்டும் கழற்றி, இடையிடையே எண்ணெய் விட்டு வெளியே கொண்டுவர வேண்டும். நீளமான குழாயை ஸ்பானரில் மாட்டி ஒரே மூச்சில் இழுப்பவர் கையில், பெரும்பாலும் போல்ட்டின் தலை மட்டும்தான் வரும்.

சைலன்சர் போல்ட்டுகளுக்குச் சூடு நல்ல மருந்து. நட்டைச் சூடாக்கினால் அது விரிந்து பிடி தளரும். ஆனால் சஸ்பென்ஷன் போல்ட்டுகளைச் சுற்றி ரப்பர் புஷ்ஷும், அருகில் பெட்ரோல் குழாயும் பிரேக் ஹோஸும் இருக்கும் என்பதால் அங்கே தீயைக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் தலை உருண்ட இரண்டு போல்ட்டுகளும் சைலன்சரில் இருப்பவையானால், வெல்டரை வரவழைத்து, உருண்ட தலையின் மேல் புதிய நட் ஒன்றைப் பற்றவைத்துவிடச் சொல்லுங்கள். பற்றவைக்கும் சூட்டிலேயே துரு இளகிவிடுவதால், ஆறிய பிறகு பெரும்பாலும் ஸ்பானருக்குக் கட்டுப்படும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் எடையைக் குறைக்க அலுமினியத்தை அதிகம் பயன்படுத்துவார்கள். அலுமினியமும் இரும்பும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கப்பட்டு போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். திரும்பப் பூட்டும்போது மரையில், அது இறுகிப் பிடிக்காமல் காக்கும் ஆன்ட்டி-சீஸ் பசையை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். பசை உள்ள மரை வழுக்கும் என்பதால், உலர்ந்த மரைக்குச் சொல்லப்பட்ட முறுக்கத்தை அப்படியே கொடுத்தால் அது அதிகமாகிவிடும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுவது உடம்பை மெழுகிடுவதைவிட மேலானது. காற்று புகாத பிளாஸ்டிக் உறையால் போர்த்துவது, உப்பு ஈரத்தை உள்ளே வைத்துத் தைப்பதற்குச் சமம்.

கடற்கரையில் இருப்பவர்கள் மறக்கும் இன்னொன்று பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்குத் தர நிர்ணயப்படி, புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி. வேகமாக ஓட்டி அடிக்கடி பிரேக் பிடிக்கும் காரில் இந்த வித்தியாசம் பெடலில் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். பாதி தீர்ந்து மூடி வைத்த பழைய டப்பாவிலிருந்து ஊற்றாதீர்கள்.

கேள்வி: 1990-களின் இறுதியில் கோவாவில் தயாரிக்கத் தொடங்கிய சான் ஸ்டார்ம் கார் ஒன்று விலைக்கு வருகிறது. உதிரிபாகமே கிடைக்காது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். நானே பழுதுபார்த்துப் பழக அது ஏற்ற காரா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பழக ஏற்ற கார்தான். அதிலிருப்பது ரெனோ நிறுவனத்தின் 1149 சிசி எஞ்சின். எளிய வடிவமைப்பு, பானட்டைத் திறந்தால் கைக்கு எட்டும். எஞ்சின் பாகங்களை அதன் எண்ணைக் கொண்டு வெளிநாட்டிலிருந்தாவது வரவழைத்துவிடலாம். கண்ணாடி, கதவுக் கைப்பிடி, முன் கண்ணாடிச் சட்டம் போன்றவைதான் கிடைக்காது; ஆகவே இவை முழுமையாக இருக்கும் வண்டியை மட்டும் வாங்குங்கள், எஞ்சின் ஓடாவிட்டாலும் பரவாயில்லை.

அதன் உடம்பு ஃபைபர் கிளாஸ். நண்பர்கள் பயப்படும் இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்காரருக்கு ஒரு வசதி உண்டு. குளச்சலிலும் மற்றக் கடற்கரை ஊர்களிலும் ஃபைபர் வள்ளங்களைச் செப்பனிடும் கைவினைஞர்கள் தினமும் செய்வது இதே வேலையைத்தான். விரிசலின் விளிம்பை இருபுறமும் சரிவாகத் தேய்த்து, உட்புறத்திலிருந்து ஃபைபர் மேட்டையும் ரெசினையும் அடுக்கடுக்காக ஏற்றி, கடைசியில் மேற்புறத்தைச் சமன்செய்ய வேண்டும். வெளியே பட்டி பூசி மறைத்த விரிசல் சில மாதங்களில் மீண்டும் வாய் திறக்கும். மழைக்காலத்தில் இந்த வேலையை எடுக்காதீர்கள், ஈரத்தில் ரெசின் சரியாகப் பிடிக்காது. தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

உங்களைப் பொறுமை இழக்க வைக்கப் போவது மின்சாரம். இரும்பு உடம்புள்ள காரில் எந்த விளக்குக்கும் எர்த் அந்த உடம்பிலேயே கிடைத்துவிடும். ஃபைபரில் மின்சாரம் பாயாது என்பதால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் அடிச்சட்டம் வரை போக வேண்டும். இன்டிகேட்டரைப் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுங்குகிறது என்றால், பல்பையும் ஸ்விட்சையும் மாற்றிக்கொண்டிருக்காமல் எர்த் வயர்கள் சேரும் முனையைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டுங்கள்.

கேள்வி: காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓ.பி.டி. கருவி ஒன்றை மலிவு விலையில் வாங்கினேன். அது காட்டும் பி0171 என்ற பிழை எண்ணை வைத்து ஆக்சிஜன் சென்சரை மாற்றினேன். அதே எண் மீண்டும் வருகிறது. கருவி மோசமா?
– வாசகர், தக்கலை

பதில்: கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நீங்கள் எழுதியுள்ள பி0171 என்ற எண், எஞ்சினின் கலவையில் பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காற்று மிகுந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறதே தவிர, சென்சர் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. சென்சர் அதைக் கண்டு சொன்ன சாட்சி; சாட்சியை மாற்றி வழக்கு தீராது. ஏர் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் விரிசல், வேக்குவம் குழாய் கழன்றிருத்தல், காற்றளவு சென்சரில் அழுக்கு, பெட்ரோல் பம்பின் அழுத்தக் குறைவு என்ற வரிசையில், செலவில்லாததிலிருந்து தொடங்கிப் பாருங்கள். ஏர்பேக், ஏ.பி.எஸ். பிழைகளை இத்தகைய மலிவுக் கருவிகள் பெரும்பாலும் படிப்பதில்லை.

கேள்வி: நான் பாதி பிரித்து வைத்த காரை எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் தொடவே மாட்டேன் என்கிறார். இது நியாயமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: நியாயம்தான். முழுதாக வரும் வண்டியில் என்ன கழற்றினோம் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் வண்டியில் எந்த போல்ட் எங்கிருந்து வந்தது, எது ஏற்கெனவே மரை போனது, எது தொலைந்தது என்பது ஒன்றும் தெரியாது. நாளை ஏதாவது கழன்று விழுந்தால் பெயர் கெடுவது அவருக்கு. ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டுகளையும் தனித்தனி டப்பாவில் போட்டு, இடத்தின் பெயரை எழுதி, கழற்றிய வரிசையில் எடுத்த படங்களோடு போய் நில்லுங்கள். உடைத்ததை உடைத்தேன் என்றே சொல்லிவிடுங்கள். பிரிப்பதற்கு முன்பே அவரிடம் போய், இதை நான் செய்து பார்க்கப் போகிறேன், சிக்கிக்கொண்டால் நீங்கள் வருவீர்களா என்று கேட்டிருந்தால், அநேகமாக அவர் வந்திருப்பார்.

கேள்வி: மாற்றிய பழைய எஞ்சின் ஆயிலை என்ன செய்வது? வீட்டுக் கூரையைத் தாங்கும் கழுக்கோலுக்கு அடிக்கலாம் என்கிறார் அப்பா.
– வாசகர், குழித்துறை

பதில்: கரி ஆயிலைக் கழுக்கோலுக்கும் வேலிக்கம்புக்கும் அடிப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். ஆனால் ஓடிய ஆயிலில் எஞ்சினின் உலோகத் துகளும் எரிந்த பெட்ரோலின் நச்சுப் பொருள்களும் கலந்திருக்கின்றன. தோலில் படுவதும் ஆட்கள் உறங்கும் அறைக்கு மேலே பூசுவதும் நல்லதல்ல. ஓடையிலோ குளத்தங்கரையிலோ ஊற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒரு முறைக்கு 7, 8 லிட்டர் வரை ஆயில் வருவதுண்டு. புதிய ஆயில் வந்த கேனிலேயே அதை ஊற்றி மூடி, பழைய ஃபில்டரோடு சேர்த்து, பழைய ஆயிலைச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். கூலண்ட்டையும் பிரேக் ஆயிலையும் அதே கேனில் கலந்துவிடாதீர்கள்; கலந்தால் அவர்கள் வாங்க மாட்டார்கள்.